சரியும் கோட்டின் கதைசொல்லி

தமிழ்ப்பள்ளி பற்றிய எந்தக் கூட்டத்துக்குப் போனாலும், பசியாறிவிட்டு வந்து உட்கார்ந்த பத்தாவது நிமிடத்தில் அந்தக் கோடு திரையில் வந்துவிடும். இடது மேல் மூலையில் 1957, 888 பள்ளிகள். வலது கீழ் மூலையில் 523. நடுவில் சிவப்பாக ஒரு கோடு, மலையிலிருந்து உருண்டு விழும் கல் மாதிரி. பேச்சாளர் எதையும் விளக்க வேண்டியதில்லை. மண்டபத்தில் ‘உச்’ கொட்டும் சத்தம் கேட்கும். முன்வரிசைப் பெரியவர் ஒருவர் தலையை ஆட்டுவார். அடுத்த சிலைடு தயாராக இருக்கும்: ‘நாம் என்ன செய்யப் போகிறோம்?’

மலேசியத் தமிழர்கள் அதிகம் வாசித்த பிரதி எது என்று என்னைக் கேட்டால், எந்த நாவலையும் சொல்ல மாட்டேன். இந்தக் கோட்டைத்தான் சொல்வேன். ஆண்டு மலர்களில், பொதுக்கூட்டப் பதாகைகளில், புலனக் குழுக்களில் ‘அனைவருக்கும் பகிரவும்’ என்ற கட்டளையோடு வந்துகொண்டே இருக்கிறது. எங்கள் கெடா மண்ணின் தோட்ட வாழ்க்கையை எழுதிய சீ. முத்துசாமியின் ‘மண்புழுக்கள்’ நாவலை எடுத்துக்கொண்டால், கூடி உட்கார்ந்து கதைசொல்லி யார், மொழி எப்படி, எதைச் சொல்லாமல் விட்டார் என்று ஒரு மாலை முழுக்கப் பேசுவோம். அந்தக் கோட்டைப் பற்றி அப்படி யாரும் பேசி நான் கேட்டதில்லை. எண் என்று வந்துவிட்டால் நமக்கு ஒரு மரியாதை வந்துவிடுகிறது. எண்ணுக்குக் கதைசொல்லி கிடையாது என்று நம்புகிறோம்.

நான் பாக்கார் ஆராங் தொழிற்பேட்டையில் வேலை செய்யும் பொறியியலாளன். உள்ளூர்ப் பல்கலைக்கழகப் பட்டம். வேலையில் பாதி நேரம் குறிவரைவு போடுவது, மீதி நேரம் மற்றவர் போட்ட குறிவரைவைச் சந்தேகப்படுவது. ‘குறிவரைவு’ என்ற சொல்லே ஆரம்பப்பள்ளிக் கணிதப் புத்தகத்தில் கற்றதுதான். படக்குறிவரைவு, பட்டைக்குறிவரைவு, வட்டக்குறிவரைவு. அந்த மூன்று சொற்களையும் இருபது வருடம் கழித்தும் தமிழிலேயே யோசிக்கிறேன் என்பதில் கொஞ்சம் பெருமையும் உண்டு. அதனால் இந்தக் கட்டுரையை வெளியாள் எழுதும் குறையாக வாசிக்க வேண்டாம். அந்தக் கோட்டை நானும் போட்டிருக்கிறேன். இன்னும் மோசமாகவே போட்டிருக்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தமிழ்ப்பள்ளியின் முன்னாள் மாணவர் சந்திப்புக்கு ‘கம்ப்யூட்டர் தெரிஞ்ச தம்பி’ என்று என்னைப் பிடித்தார்கள். மாணவர் எண்ணிக்கை குறைவதைக் காட்ட ஒரு சிலைடு வேண்டும், ‘பாத்தா அதிரணும்’. நாடு முழுமைக்குமான எண்ணிக்கையை எடுத்தேன். 2008 வாக்கில் தமிழ்ப்பள்ளிகளில் ஏறக்குறைய 108,000 மாணவர்கள். 2020 வாக்கில் 81,000 அளவில். இரண்டு பட்டைகளை எழுப்பினேன். சுழியத்திலிருந்து எழுப்பியபோது அவ்வளவாக அதிரவில்லை. ஒரு பட்டை உயரம், இன்னொன்று அதைவிடக் கொஞ்சம் குட்டை. அவ்வளவுதான். அச்சின் தொடக்கத்தை 70,000 ஆக மாற்றினேன். அதிர்ந்தது.

நான் செய்தது என்ன என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். உண்மையான வீழ்ச்சி 108-இல் 27. அதாவது நான்கில் ஒரு பங்கு. 70,000-இல் வெட்டிய பிறகு முதல் பட்டையின் உயரம் 38, இரண்டாவதன் உயரம் 11. கண்ணுக்குத் தெரியும் வீழ்ச்சி 71 விழுக்காடு. எட்வர்ட் டஃப்டி என்ற அமெரிக்கர் 1983-இல் வெளியிட்ட புத்தகத்தில் இதற்கு ஓர் அளவுகோல் கொடுத்திருக்கிறார். படம் காட்டும் மாற்றத்தை உண்மையான மாற்றத்தால் வகுத்தால் கிடைப்பது அந்தப் படத்தின் பொய்க் காரணி. ஒன்றாக இருந்தால் நேர்மை. 1.05-ஐத் தாண்டினாலே சந்தேகப்பட வேண்டும் என்கிறார். என்னுடையது ஏறக்குறைய 2.8.

கைதட்டினார்கள். பேச வந்த ஒருவர் அந்தச் சிலைடைப் பின்னால் வைத்துக்கொண்டே, மொழியைக் கைவிட்ட பெற்றோரைப் பற்றிப் பதினைந்து நிமிடம் பேசினார். மூன்றாவது வரிசையில் என் அக்கா உட்கார்ந்திருந்தாள். அவள் மகன் தேசியப்பள்ளியில் படிக்கிறான். வீடு ஒரு தாமானில். தேசியப்பள்ளி நடந்து போகும் தூரம். அவள் படித்த தமிழ்ப்பள்ளி இன்னும் தோட்டத்தின் உள்ளேயே இருக்கிறது. லயங்களை இடித்துவிட்டார்கள், சுற்றிலும் செம்பனை. அக்காவுக்கும் அத்தானுக்கும் மாறி மாறி ஷிஃப்ட். வேன்காரர் அந்தப் பக்கம் வருவதில்லை. இரவு வீட்டில் சாப்பாடு போடும்போது கேட்டாள்:

“நீ போட்ட படத்துல நான் எங்கடா இருக்கேன்?”

“அது மொத்தக் கணக்குக்கா...”

“மொத்தக் கணக்குன்னா எல்லாரும் என்னைய ஏன்டா திரும்பிப் பாத்தாங்க?”

இதற்கு என்னிடம் பதில் இல்லை. குறிவரைவு பற்றி வேலையில் எத்தனையோ பயிற்சிக்கு அனுப்பியிருக்கிறார்கள். எதிலும் இந்தக் கேள்வி வரவில்லை.

*

பட்டையைச் சுழியத்திலிருந்து எழுப்ப வேண்டும் என்பது சட்டமல்ல. காரணமுள்ள ஒரு கைவழக்கம். பட்டையில் கண் வாசிப்பது நீளத்தை. காலை வெட்டிவிட்டால் நீளம் பொய். கோட்டுக்கு இந்த நிபந்தனை கிடையாது, ஏனென்றால் கோட்டில் கண் வாசிப்பது ஏற்ற இறக்கத்தை. காய்ச்சல்காரனின் உடல் வெப்பத்தைச் சுழியத்திலிருந்து போட்டால் 37-க்கும் 39-க்கும் வித்தியாசமே தெரியாது, ஆள் போய்ச்சேர்ந்துவிடுவான். ஆக ‘எப்போதும் சுழியத்தில் தொடங்கு’ என்று மனப்பாடமாகச் சொல்பவரையும் நம்ப வேண்டாம்.

கோட்டுக்கு வேறு வித்தை உண்டு. அதே எண்களை அகலமாக, ஆண்டு மலரின் இரண்டு பக்கத்தில் விரித்துப் போட்டால் சாய்வு மெதுவாக இருக்கும். அதையே கைப்பேசித் திரைக்கு ஏற்றாற்போல ஒடுக்கி நிமிர்த்தினால் பாதாளம். புலனத்தில் வரும் கோடுகள் எல்லாம் ஏன் இவ்வளவு செங்குத்தாக விழுகின்றன என்பதற்குப் பாதிக் காரணம் கைப்பேசியின் வடிவம்தான்.

இன்னொரு வித்தை, இதைப் பலர் தெரியாமலே செய்கிறார்கள். 1957, 1963, 1970, 2000, 2010, 2020 என்று கையில் கிடைத்த ஆண்டுகளை எக்செலில் அடுக்கிக் கோட்டுப்படம் என்று தட்டினால், அது எல்லா ஆண்டுகளையும் சமதூரத்தில் வைத்துவிடும். ஆறு ஆண்டு இடைவெளியும் முப்பது ஆண்டு இடைவெளியும் ஒரே அகலம். ஒரு தலைமுறையே இரண்டு சென்டிமீட்டருக்குள் மறைந்துவிடுகிறது. புள்ளிப்படத்தைத் தேர்ந்தெடுத்து ஆண்டை எண்ணாகவே கொடுத்தால் சரியாகிவிடும். ஒரு நிமிட வேலை. நாவலில் முப்பது ஆண்டுகளை ஒரு வரியில் தாண்டினால் ‘ஏன் தாண்டினார்’ என்று கேட்போம் இல்லையா, அதையே இங்கும் கேட்கலாம்.

ஆனால் இவை எல்லாம் தொழில்நுட்பம். எனக்கு அந்த 888-இன் மேலேயே ஒரு கேள்வி இருக்கிறது. அது ஏன் அந்தக் கதையின் முதல் வரி?

1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டப்படி, பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தாலே தோட்ட நிர்வாகம் பள்ளி வைக்க வேண்டும். துரைமார்கள் வைத்தார்கள். எப்படி வைத்தார்கள் என்பதைப் பாட்டிமாரைக் கேட்டால் சொல்வார்கள். ஒரு கொட்டகை. எழுத்து தெரிந்த கங்காணியோ கிராணியோ வாத்தியார். பால்மரம் வெட்டும் வயது வரும்வரை பிள்ளைகள் ஓர் இடத்தில் அடைந்து கிடந்தால் போதும். தோட்டத்துக்கு ஒரு பள்ளி என்றால் எண்ணிக்கை கூடத்தானே செய்யும். 1957-இல் 888 பள்ளிகளில் படித்தவர்கள் ஐம்பதாயிரத்துச் சொச்சம் பேர். வகுத்துப் பாருங்கள், பள்ளிக்குச் சராசரி 57 பேர். அதாவது 888 என்பது ஒரு பொற்காலத்தின் உச்சி அல்ல. நம்மை எத்தனை துண்டுகளாக, ஒன்றையொன்று பார்க்காத எத்தனை தோட்டங்களுக்குள் பிரித்து வைத்திருந்தார்கள் என்பதன் எண்ணிக்கையும் அதுதான்.

இப்போது அதே காலத்தின் மாணவர் எண்ணிக்கையைப் போடுங்கள். ஐம்பதாயிரத்திலிருந்து ஏறி ஏறி 2008 வாக்கில் ஒரு லட்சத்தைத் தாண்டுகிறது. பள்ளிகள் 41 விழுக்காடு குறைந்த அதே ஐம்பது ஆண்டுகளில் பிள்ளைகள் இரண்டு மடங்குக்கு மேல். பள்ளிக்குச் சராசரி 57 என்றிருந்தது 200-ஐத் தாண்டிவிட்டது. இப்போது சொல்லுங்கள், இது சாவா வளர்ச்சியா?

இரண்டும் என்பதுதான் விடை, அதனால்தான் ஒரு கோடு போதாது. பள்ளிகள் குறைந்ததற்குப் பின்னால் உண்மையான துயரம் இருக்கிறது. ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் பெரிய தோட்டங்களைத் துண்டாடி விற்றார்கள். குடும்பங்கள் வேலையும் வீடும் ஒரே நாளில் இழந்தன. துன் வீ.தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியதே அதை எதிர்கொள்ளத்தான். பிறகு கித்தா போய்ச் செம்பனை வந்தது. செம்பனைக்கு அவ்வளவு ஆள் வேண்டாம். பிறகு தாமான்கள். எங்கள் பாக்கார் ஆராங்கில் இருக்கும் தமிழ்க் குடும்பங்களைக் கேட்டால், பாதிப் பேர் இரண்டு தலைமுறைக்கு முன் ஏதாவது ஒரு தோட்டத்தின் பெயரைச் சொல்வார்கள். அந்தச் சிவப்புக் கோட்டில் இந்த நிகழ்வுகளில் ஒன்றுகூடக் குறிக்கப்படவில்லை. வெறும் சரிவு. காரணம் எழுதாத சரிவைப் பார்க்கும் மனம் காரணத்தைத் தானே நிரப்பிக்கொள்ளும். எளிதாகக் கைக்கு எட்டும் காரணம் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கும் அம்மா.

இதிலிருந்து எனக்குக் கிடைத்த ஒரே பெரிய விதி இதுதான்: கோடு திரும்பும் இடத்தில் என்ன நடந்தது என்று படத்தின் மேலேயே எழுது. அடிக்குறிப்பில் வேண்டாம், வாயால் சொல்லிக்கொள்ளலாம் என்றும் விடாதே. படம் புலனத்தில் போகும்போது உன் வாய் கூடப் போகாது.

சிலர் இரண்டையும் ஒரே படத்தில் போடலாமே என்பார்கள், இடது அச்சில் பள்ளி, வலது அச்சில் மாணவர். செய்து பார்த்தேன். ஒன்று இறங்க, ஒன்று ஏற, நடுவில் எழுபதுகளில் எங்கோ இரண்டும் கத்தரிக்கோல் போல வெட்டிக்கொண்டன. பார்த்தவர்கள் எல்லாரும் கேட்டது ஒன்றே: “எழுபதுல என்னா நடந்துச்சு?” ஒன்றும் நடக்கவில்லை. வலது அச்சின் அளவை நான் கொஞ்சம் மாற்றியிருந்தால் அவை எண்பதில் வெட்டிக்கொண்டிருக்கும், அல்லது வெட்டிக்கொள்ளாமலே போயிருக்கும். நானே உண்டாக்கிய நிகழ்ச்சி அது. இரட்டை அச்சு வேண்டாம். ஒன்றின் கீழ் ஒன்றாக இரண்டு சிறிய படம், ஆண்டுகள் மட்டும் நேருக்கு நேர். அழகில்லை. பரவாயில்லை.

*

நம்மைப் பற்றிய இன்னொரு படம் மக்கள்தொகைப் பட்டை. பூமிபுத்ரா, சீனர், இந்தியர், மற்றவர் என்று ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய பட்டைகள், ஆண்டுக்கு ஒன்று. பாடப்புத்தகத்திலிருந்து அமைச்சர் உரைவரை எங்கும் இதே வரிசை.

வில்லியம் கிளீவ்லாண்ட், ராபர்ட் மெக்கில் என்ற இருவர் 1984-இல் ஓர் ஆய்வு செய்தார்கள். மனிதக் கண் எதைத் துல்லியமாக ஒப்பிடுகிறது, எதில் தடுமாறுகிறது என்று. பொதுவான ஓர் அடிக்கோட்டில் நிற்கும் பட்டைகளை நாம் நன்றாகவே ஒப்பிடுகிறோம். அடிக்கோடு இல்லாமல் மிதக்கும் துண்டுகளின் நீளத்தில் பிழை கூடுகிறது. கோணம், பரப்பளவு என்று போகப் போக இன்னும் மோசம். வட்டக்குறிவரைவைப் பொறியியலாளர்கள் திட்டுவதற்குக் காரணம் இந்த ஆய்வுதான். (நான் வட்டத்தை அவ்வளவு வெறுப்பவன் அல்ல. ‘பாதிக்கு மேலா, இல்லையா’ என்ற ஒரு கேள்விக்கு அது போதும். ஆறு துண்டு, ஏழு துண்டு என்று போனால்தான் கேக் கடை ஆகிவிடுகிறது.)

அடுக்கிய பட்டையில் அடிக்கோடு கிடைப்பது கீழே இருப்பவருக்கு மட்டும். உச்சி மட்டம் மேலே இருப்பவருக்கு. நடுவில் மிதப்பவர் கூடினாரா குறைந்தாரா என்பதைக் கண்ணால் சொல்ல முடியாது. நாம் எப்போதும் நடுவில் மிதக்கிறோம், அதுவும் மெலிந்த துண்டாக. கறுப்பு வெள்ளையில் நகல் எடுத்தால் பக்கத்துத் துண்டின் சாம்பல் நிறத்திலேயே கரைந்துவிடுவோம். இதை யாரும் திட்டமிட்டுச் செய்ததாக நான் சொல்லவில்லை. பெரிய எண்ணைக் கீழே வை என்பது ஒரு பழக்கம். பழக்கத்துக்கு எண்ணம் தேவையில்லை. ஆனால் நம் கதையைச் சொல்ல நாமே அந்தப் படத்தை அப்படியே எடுத்துப் போடும்போதுதான் எனக்கு எரிச்சல் வருகிறது. இந்தியரைப் பற்றித்தான் பேச்சு என்றால் இந்தியரைக் கீழே இறக்கு. அல்லது அந்த ஒரு எண்ணை மட்டும் தனிக் கோடாகப் போடு. யாரும் தடுக்கவில்லை.

போடும்போது ஒரு பள்ளம் இருக்கிறது, பார்த்து நடக்க வேண்டும். 1957-இல் இந்தியர் 11 விழுக்காடு, 2020-இல் 7-க்கும் சற்றுக் குறைவு என்று ஒரு கோடு அடிக்கடி சுற்றுகிறது. முதல் எண் மலாயாவுக்கு. இரண்டாவது சபா, சரவாக் சேர்ந்த மலேசியாவுக்கு. நடுவில் 1963-இல் வகுக்கும் எண்ணே மாறிவிட்டது. இந்தியர் மிகக் குறைவாக இருக்கும் இரண்டு பெரிய மாநிலங்களைச் சேர்த்துவிட்டு வீழ்ச்சி என்று அழுவது, புடவையை மடித்துவிட்டுச் சுருங்கிவிட்டது என்று சொல்வதைப் போல. தீபகற்பத்தை மட்டும் எடுத்தாலும் குறைவு உண்டுதான், ஆனால் அவ்வளவு அல்ல.

சராசரியும் இப்படித்தான். 2019-இன் குடும்ப வருமான ஆய்வில் இந்தியக் குடும்பத்தின் சராசரி மாத வருமானம் 8,216 வெள்ளி. அதைப் பட்டையாகப் போட்டால் பூமிபுத்ராவுக்கு மேலே கம்பீரமாக நிற்போம். எங்கள் தாமானில் யாரிடமாவது சொன்னால் சிரிப்பார்கள். அதே ஆய்வில் நடுவிலுள்ள குடும்பத்தின் வருமானம், அதாவது எல்லாரையும் வரிசையில் நிறுத்தி நடுவில் நிற்பவரைக் கேட்டால் கிடைப்பது, 5,981. இரண்டுக்கும் இடையே இரண்டாயிரத்துக்கு மேல் இடைவெளி. அந்த இடைவெளிக்குள் சில வழக்கறிஞர் வீடுகளும் மருத்துவர் வீடுகளும் ஒரு பக்கம், அக்காவைப் போல ஷிஃப்ட் போகும் வீடுகள் மறுபக்கம். ஒரு பட்டைக்குள் இரண்டு ஊர். வருமானத்தைச் சராசரிப் பட்டையாகப் போட்ட படம் எதையும் நான் இப்போது நம்புவதில்லை.

*

2023 ஆகஸ்ட் 12 இரவு. கெடா சட்டமன்றத் தேர்தல் முடிவு. தொலைக்காட்சியில் மாநில வரைபடம் முழுக்க ஒரே நிறம். 36 தொகுதியில் 33 பெரிக்காத்தான் நேஷனலுக்கு. வேறு நிறத்தில் மூன்று பொட்டு: கோத்தா டாருல் அமான், சீடாம், எங்கள் பாக்கார் ஆராங். மூன்றும் நகரத் தொகுதிகள், வரைபடத்தில் கொசுக்கடி அளவு. மறுநாள் தொழிற்சாலையில் ஒரு நண்பர் சொன்னார், “உங்க இடம் மேப்ல எறும்பு மாதிரி இருக்கு.”

நிலத்துக்கு ஓட்டு கிடையாது என்பது வரைபடம் போடுபவர்கள் எல்லாருக்கும் தெரிந்த உண்மை. ஆனாலும் நிலத்துக்குத்தான் நிறம் பூசுகிறோம். நெல்வயலும் காடும் கண்ணை நிறைக்கின்றன, அடுக்குமாடி காணாமல் போகிறது. நாடளவில் இது இன்னும் விநோதம். 2022 பொதுத்தேர்தலில் பாங்கி தொகுதியில் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்காளர்கள், சரவாக்கின் ஈகானில் முப்பதாயிரத்துக்கும் குறைவு. வரைபடத்தில் பாங்கியைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். சதுரத்தாளில் ஒரு தொகுதிக்கு ஒரு கட்டம் என்று 36 கட்டம் வரைந்து பார்த்தேன். மூன்று கட்டம் மூன்றாகத் தெரிந்தது, எறும்பாக இல்லை. ஆனால் அதுவும் முழுக்கதை அல்ல. மாநிலம் முழுக்கப் பத்தில் மூன்று ஓட்டு மற்ற கூட்டணிக்கு விழுந்திருக்கிறது. நிலப்படத்தில் அவர்கள் இல்லை, கட்டப்படத்தில் பன்னிரண்டில் ஒன்று, ஓட்டுப் பட்டையில் பத்தில் மூன்று. மூன்றும் பொய்யில்லை. கேள்வி வேறு வேறு. ஆட்சி யாருக்கு என்றால் கட்டம். மக்கள் என்ன நினைக்கிறார்கள் என்றால் ஓட்டு. நிலப்படம் எந்தக் கேள்விக்குப் பதில் என்று யோசித்துப் பார்த்தேன், ‘சீடாம் எங்கே இருக்கிறது?’ என்பதற்கு மட்டும்தான்.

இதை இங்கே சொல்லக் காரணம் இருக்கிறது. அக்காவின் கேள்விக்குப் பதில் தேடும்போது எனக்கு உதவியது பட்டையோ கோடோ அல்ல, வரைபடம். ‘எங்கே’ என்பதுதான் அவள் கேள்வி. சுங்கை பட்டாணி வரைபடத்தை அச்செடுத்து மேசையில் விரித்தேன். அவள் தன் வீடு, தொழிற்சாலை, அத்தானின் தொழிற்சாலை, தேசியப்பள்ளி, படித்த தமிழ்ப்பள்ளி எல்லாவற்றையும் பேனாவால் குறித்தாள். நான்கு புள்ளிகள் உள்ளங்கைக்குள் அடங்கின. ஐந்தாவது தாளின் விளிம்பில். அவள் அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “இத அங்க காட்டியிருக்கலாம்ல?” என்றாள்.

காட்டியிருக்கலாம். பள்ளிகள் தோட்டத்தில் நிற்கின்றன, பிள்ளைகள் தாமானுக்கு வந்துவிட்டார்கள். நகரத் தமிழ்ப்பள்ளியில் இடமில்லை, தோட்டத் தமிழ்ப்பள்ளியில் பிள்ளை இல்லை. நாட்டின் தமிழ்ப்பள்ளிகளில் பாதிக்கும் மேல் 150 மாணவருக்குக் குறைவான பள்ளிகள். ‘சராசரி 150’ என்று ஒரு எண்ணைப் போட்டால் இது தெரியாது. இதோடு இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். மலேசிய இந்தியரின் பிறப்பு விகிதம், ஒரு தலைமுறை தன்னைத் தானே ஈடுசெய்யத் தேவையான 2.1-க்கு வெகு கீழே இறங்கி நாளாகிவிட்டது. பிறக்காத பிள்ளையை எந்த அம்மாவும் தேசியப்பள்ளிக்கு அனுப்பவில்லை. மொழியைக் கைவிட்டவர்கள் இல்லவே இல்லை என்று நான் சொல்லவில்லை. வசதியும் வாகனமும் பக்கத்தில் பள்ளியும் இருந்தும் அனுப்பாதவர்கள் எனக்கே தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். ஆனால் என் இரண்டு பட்டைகளுக்கு அவர்களையும் அக்காவையும் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. பிரித்துச் சொல்லத் தெரியாத படத்தைப் பின்னால் வைத்துக்கொண்டு யாரையும் திட்டக்கூடாது.

தொழிற்சாலையில் எங்களுக்கு ஒரு பழைய கருவி உண்டு. வால்டர் ஷூஹார்ட் என்பவர் 1924-இல் வெஸ்டர்ன் எலக்ட்ரிக் நிறுவனத்தில் வேலை செய்தபோது கொண்டுவந்தது. அளவுகளைக் கோடாகப் போட்டு, மேலும் கீழும் ஒவ்வொரு எல்லை வரைந்துவிட வேண்டும். எல்லைக்குள் ஆடினால் அது இயல்பான ஆட்டம், இயந்திரத்தைத் தொடாதே. வெளியே போனால் காரணம் தேடு. புதிதாக வரும் சூப்பர்வைசர்கள் ஒவ்வொரு புள்ளிக்கும் துள்ளுவார்கள். நேற்று இரண்டு கூடிவிட்டது, இன்று மூன்று குறைந்துவிட்டது என்று ஆப்பரேட்டர்களை வறுத்தெடுப்பார்கள். ஒவ்வோர் ஆண்டுத் தொடக்கத்திலும் முதலாம் ஆண்டுப் பதிவு எண்ணிக்கை வந்ததும் நாம் துள்ளுவது எனக்கு அவர்களைத்தான் நினைவூட்டுகிறது. சிறிய பள்ளிக்கு இது கொடுமை. 12 பேர் 9 ஆனால் ‘25 விழுக்காடு வீழ்ச்சி’ என்று தலைப்பு போடலாம். ஒரே குடும்பம் வீடு மாறியிருக்கும், மூன்று பிள்ளைகள். இருபதுக்குக் கீழே இருக்கும் எதையும் விழுக்காட்டில் சொல்லாதே என்பது எங்கள் துறையில் எழுதப்படாத வழக்கம். நான் இன்னும் ஒரு படி போவேன். அத்தனை சிறிய எண்ணுக்குக் குறிவரைவே வேண்டாம். பெயரை எழுதிவிடலாம்.

படக்குறிவரைவு கற்றுக்கொடுத்த ஆசிரியை கரும்பலகையில் மாம்பழம் வரைந்து, ‘ஒரு மாம்பழம் பத்து மாம்பழத்தைக் குறிக்கும்’ என்றபோது எங்கள் வகுப்பில் ஒருவன் எழுந்து, “மிச்ச ஒம்போது எங்க டீச்சர்?” என்று கேட்டான். எல்லாரும் சிரித்தோம். அவன் இப்போது லாரி ஓட்டுகிறான்.

அடுத்த ஆண்டுச் சந்திப்புக்கு மறுபடி என்னைக் கேட்டார்கள். பள்ளிகள் ஒரு படம், மாணவர்கள் அதன் கீழே ஒரு படம், திரும்பும் இடங்களில் தோட்டத் துண்டாடலும் செம்பனையும் தாமானும் எழுத்தில். மூன்றாவதாக, தாமான்களும் தமிழ்ப்பள்ளிகளும் குறித்த சுங்கை பட்டாணி வரைபடம். பட்டைகளைச் சுழியத்தில் நிறுத்திவிட்டேன். ஏற்பாட்டாளர் என் மடிக்கணினியை எட்டிப் பார்த்தார்.

“நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா போன வருஷம் போட்டது எங்க? அதுலதான் ஒரு வேகம் இருந்துச்சு.”

“அதுல கணக்கு தப்புண்ணே.”

“தப்புன்னாலும்... இது என்னா இப்படிப் படுத்துக் கெடக்கு?”

அதற்குள் மைக்கைச் சோதிக்கக் கூப்பிட்டார்கள். வரைபடம் திரையில் வந்தபோது பின்வரிசையில் சிலர் எழுந்து முன்னால் வந்து தங்கள் தாமானைத் தேடினார்கள். ஓர் அம்மா விரலால் தூரத்தை அளந்தார். அக்கா அன்றைக்கு வரவில்லை, காலை ஷிஃப்ட்.